கொண்டை ஊசியும் பழுப்பு உறையும்

உன் ஆராய்ச்சி நோட்டிலிருந்து இன்று ஒரு கொண்டை ஊசி விழுந்தது. பாதி துருப்பிடித்திருந்தது. குனிந்து எடுத்தவள் உன் மகள். இப்போது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, நம் விலங்கியல்தான். "இது எதுக்கு ஆன்ட்டி நோட்டுல?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாதா? திண்டிவனம் கல்லூரி ஸ்டாஃப் ரூமில், அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே, தலையிலிருந்து உருவி என் முன்னால் வைத்த ஊசி அது. "மைக்ரோ ஆர்.என்.ஏ. மொதல்ல இப்படித்தாண்டி மடிஞ்சிருக்கும். வெட்டி எடுத்தா இருபத்திரண்டு எழுத்து. அத்தினியூண்டு!"

அத்தினியூண்டு என்ன கிழித்துவிடும் என்று சிரித்தேன். நீ விடுவாயா? மரபணுவில் எழுதியது எழுதியபடியே இருக்கும், அதைப் படியெடுத்த தூது ஆர்.என்.ஏ.வும் கிளம்பி வந்துவிடும் என்றாய். இந்தத் துணுக்கு ஒரு புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போய் அந்தத் தூதின் வால்பக்கம் ஒட்டிக்கொள்ளும். விலங்குகளில் முழுக்கப் பொருந்தக்கூட வேண்டாம், முன்பக்கத்து ஏழெட்டு எழுத்து போதும். அப்புறம் அந்தத் தூதிலிருந்து புரதம் உண்டாவது குறைந்துவிடும், தூதும் சிதையத் தொடங்கும். தொண்ணூற்று மூன்றில் முதலில் புழுவில் கண்டபோது, ஏதோ புழுச் சங்கதி என்று பலர் ஒதுக்கிவிட்டார்களாம். நீயே கண்டுபிடித்த மாதிரி அதற்கு அப்படியொரு கோபம் உனக்கு. "அது இல்லன்னா அந்தப் புழு வளராதுடி. குஞ்சுப் பருவத்தையே திரும்பத் திரும்ப வாழ்ந்துகினு கிடக்கும். பழைய உத்தரவை அடக்கினாத்தான் அடுத்த பருவம்."

மறு வருடமே உனக்கு வயிற்று வலி. பயாப்சி, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை வாங்க நான்தான் புதுச்சேரி போனேன். விழுப்புரத்துக்கு, என் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், கண்டமங்கலம் தாண்டும்போது பழுப்பு உறையைப் பிரித்தேன். புற்று. கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

இரவே போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்; மறுநாள் உன் வீட்டுக்காரர் வாசலிலேயே என்னை நிறுத்தினார். "சொன்னா அது தாங்காதுங்க டீச்சர். அல்சர்னே இருக்கட்டும். நீங்க சொன்னாதான் நம்பும்." எல்லா வீட்டிலும் செய்வதுதானே என்று தலையாட்டினேன். உறையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, "அல்சர்தாண்டி, பயந்தாங்கொள்ளி" என்று உன் தோளில் தட்டினேன். நான் சொன்னதால் நீ நம்பினாய்.

நம்பியதால்தான் பாப்பாவை விழுப்புரத்தில் ஹாஸ்டலில் விடச் சொன்னாய். "நாலு மாசம் ரெஸ்ட் எடுத்துக்கினு, உடம்பு தேறினதும் கூட்டிக்கினு வந்துடறேன்." அவளுக்கு ஒன்பது வயது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவள் நான். என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பாவி, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில், வலிக்குப் போட்ட ஊசி மருந்தின் பெயரை நீயே படித்துவிட்டாய்; அல்சருக்குப் போடுகிற மருந்தில்லை அது. திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். சுவரைப் பார்த்தபடி கேட்டாய்: "அது அடக்குறது புழு வளர்றதுக்குடி. நீ எதுக்குடி அடக்கினே?"

ஓடிப்போய்ப் பாப்பாவை அழைத்து வந்தேன். ஆறு நாள் கிடைத்தது உனக்கு. அதில் அவளை அடையாளம் கண்டு பேசியது இரண்டு நாள்.

இன்று நோட்டை மூடி வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "என்னை ஹாஸ்டல்ல விட்டப்போ அம்மாவுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

பீரோவிலிருந்து அந்த உறையை எடுத்துக் கொடுத்தேன். "அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ரிப்போர்ட்டின் தேதியை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. உறையையும் நோட்டையும் பையில் வைத்துக்கொண்டாள். ஊசியை மேசையிலேயே விட்டுவிட்டாள். அது எனக்கு, உன் கேள்வியோடு சேர்த்து.

எப்போதும் செருப்பை மாட்டிக்கொண்டே "வர்றேன் ஆன்ட்டி" என்று சொல்லித்தான் படி இறங்குவாள். இன்று "போறேன்" என்றாள்.