அலுமாரிக்கு இந்தப் பக்கம்

மே 19, திங்கள்

புதிய கட்டடத்தின் மேல் மாடிக்கு இன்று கொங்கிறீட் போட்டார்கள். பிள்ளைகள் கூடிவிட்டதால் ஜனவரியிலிருந்து இரண்டு பத்தாம் தர வகுப்புகள் மண்டபத்தில்தான். நடுவில் ஓர் அலுமாரி. அந்தப் பக்கம் கைரியா டீச்சரின் கணிதம், இந்தப் பக்கம் என் தமிழ்.

அதிபர் ஸெய்னுலாப்தீன் சேர் அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்: "மேல ஒரு ரூம் உங்களுக்கு, சிந்துஜா டீச்சர். கதவெல்லாம் வெச்சி."

கைரியாவுக்கு அறை வேண்டாமாம். "எனக்கு மண்டபமே காணாது."

மே 21, புதன்

என் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டுவதில்லை. கைரியாவின் குரல் குண்டசாலைச் சந்தி வரை போகும். இன்று ஒரு கவிதையின் கடைசி அடியை வாசித்துவிட்டு நிறுத்தினேன். மௌனம் வேண்டிய இடம்.

"அப்ப எக்ஸ் எங்க போன?" என்றது அலுமாரி.

வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வெளியே தெரியாமல். ஆனால் பின்வரிசைக்குக் கவிதையே கேட்டிருக்காது. அடுத்த வருடம் இவர்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை.

ஜூன் 5, வியாழன்

ஆசிரியர்கள் இணைந்து கற்பிப்பதைப் பார்க்க வலயக் கல்விப் பணிமனையிலிருந்து இளங்கோ சேர் வருகிறாராம். எங்கள் பாடசாலையில் இணைந்திருக்கும் ஆசிரியர்கள் நாங்கள் இருவர்தான். காரணம் அறை இல்லாமை. அதிபர் அதை அவரிடம் சொல்லவில்லை போலும்.

"ஒரு நாளைக்கி மட்டும் அந்த அலுமாரியக் கொஞ்சம் தள்ளி வைங்களேன்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

தள்ளினோம்.

கைரியா போன தவணைக் கணக்கொன்றைப் பலகையில் எழுதினார்: ஒரு தோட்டத்தின் நீளம், அகலத்தின் இருமடங்கிலும் மூன்று மீற்றர் குறைவு. அதில் அநேகர் கோட்டை விட்டிருந்தார்கள். நான் கணக்கைத் தொடவில்லை. எது எதைவிடக் குறைவு என்று மட்டும் கேட்டேன். பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கைரியா குறியீடுகளாக எழுதினார். வாயே திறக்காத சப்னா எழுந்து நின்றாள்.

"டீச்சர், இது கணக்கே இல்லயே, வாசிப்புத்தானே!"

கைரியா சோக்கைக் கீழே வைத்தார். "அப்ப இவ்வளவு நாளா நான் எதுக்குக் கத்தின?"

இளங்கோ சேர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தானும் கணக்கைச் செய்துபார்த்தார். முதல் தரம் பிழைத்தது.

நடிக்கத்தான் போனோம். நடிப்பை எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியவில்லை.

ஜூலை 2, புதன்

அறிக்கை வந்துவிட்டது. 'இவ்விரு வகுப்புகளும் ஒரே மண்டபத்தில் முன்மாதிரியாக இயங்குவதால் தனி அறை அவசியமில்லை.' மேல் மாடி அறை இனிக் கூட்டங்களுக்கு. அதிபர் இழவு வீட்டுக் குரலில் எங்களை வாழ்த்தினார்.

கைரியா: "நல்லாப் படிச்சிக் குடுத்த குத்தத்துக்கு ரூமைப் பறிச்சிட்டாங்க."

ஜூலை 4, வெள்ளி

தொண்டை கட்டிவிட்டது. பாடம் முழுவதையும் பலகையில் எழுதியே முடித்தேன்.

ஜூலை 14, திங்கள்

இளங்கோ சேர் புதன்கிழமை மறுபடியும் வருகிறார். எங்களைப் பார்த்து ரசிக்க.

"சண்டை பிடிப்பம், டீச்சர்" என்றார் கைரியா.

"எதைப் பத்தி?"

"அது தானா வரும். பயப்படாதீங்க, மெதுவாத்தான் ஏசுவேன்."

இதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. அறை எனக்குத்தான். ஏன் செய்கிறார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு குற்றச்சாட்டுகளைத் தயாரித்தேன்: ஒன்று சத்தம், மற்றது சோக்கு.

ஜூலை 16, புதன்

நான்தான் தொடங்கினேன். "நீங்க கத்துறதுல என் புள்ளைகளுக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது!" வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசி வரிசை வரை கேட்டது.

கைரியா திரும்பினார். "நீங்க வாயைத் தொறந்தாத்தானே கேக்கிறதுக்கு! ஆறு மாசமாப் பக்கத்தில ஈக்கிறோம். உங்கட ஊடு எந்தப் பக்கம் எண்டும் எனக்குத் தெரியா. கேட்டாச் சிரிக்கிற. நான் என்ன, களவெடுக்கவா வாற?"

அடுத்ததாக நான் சோக்கைப் பற்றிப் பேச வேண்டும். வரவில்லை. கைரியாவும் நிறுத்திவிட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. இளங்கோ சேர் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

கேட்டார்தான். மூன்று நான்கு தரம் கேட்டிருப்பார். 'இந்தப் பக்கந்தான்' என்று சிரித்தேன் — எந்தப் பக்கம்? அம்மா, தங்கச்சி, ரெண்டு அலுமாரி புத்தகம். இதுல மறைக்க என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததையே இவ்வளவு பத்திரமா வச்சிருந்திருக்கேன்.

ஜூலை 25, வெள்ளி

'கருத்து வேறுபாடுகள் நிலவுவதால் தனி அறை பரிந்துரைக்கப்படுகிறது.' வென்றுவிட்டோம். கைரியா அலுமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "முபாரக்" என்று வாழ்த்தினார். எட்டிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மேல் மாடி. பெயின்ட் மணம். கடைசி வரிசைக்கும் கேட்கிறது. பாடம் நன்றாகவே போனது. இடைவேளையில் யன்னலருகே நின்று தேநீர் குடித்தேன். கீழே மண்டபத்திலிருந்து கைரியா யாரையோ ஏசுவது இங்கே வரை கேட்டது. கணக்கில் அல்ல, வாசிப்பில் பிழை விட்டதற்காக.

கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

"எங்க வீடு அம்பிட்டிய" என்றேன். "பஸ்ஸை விட்டு இறங்கி ஏறணும். கொஞ்சம் செங்குத்து."

கைரியா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு கட்டடம் தேவைப்பட்ட?"

ஆகஸ்ட் 30, சனி

கைரியா த்ரீவீலரில் வந்தார். ஏற்றத்தில் அது நின்றுவிட, மிச்சத்தை நடந்து ஏறினார், மலையைத் திட்டிக்கொண்டே. அவர் வருவது அம்மாவுக்கு அடுப்படியிலேயே கேட்டுவிட்டது.

சாப்பாட்டு மேசையில் இரண்டு வகுப்பின் கணித வினாத்தாள்களையும் பரப்பினோம். கைரியா கணக்கைப் பார்த்தார், நான் வசனத்தைப் பார்த்தேன். பின்னேரம் வரை. நடுவில் ஒரு சண்டை, உண்மையானது, ஏழாவது கேள்வியைப் பற்றி. மேற்பார்வைக்கு யாரும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவருடைய வீட்டில்.