நாலாம் நம்பர் மிஷினின் புது வளையங்கள்

4-6-56, திங்கள்
காலையிலேயே புழுக்கம். திருப்பாச்சூரிலிருந்து சைக்கிள் மிதித்து மில்லுக்கு வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பிளேடு வாங்கணும்.
மூன்றாம் நம்பர் நூற்பு மிஷினுக்குப் புது வளையங்கள் மாட்டி முடித்தேன். முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்கணும் என்றேன். ஸ்பின்னிங் மாஸ்டர் கேட்கவில்லை. "புதுசுதானேய்யா? முழு வேகம் வை." வைத்தேன்.

5-6, செவ்வாய்
நூல் அறுந்துகொண்டே இருந்தது. மிஷின் பார்க்கும் கன்னியம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை.
"இன்னாண்ணே இது? ஒண்ண ஒட்டிக்கினு இருக்கசொல்லோ ஒம்போது அறுவுது. பழைய வளையமே தேவல."
வளையத்தைச் சுற்றி நூலை இழுத்துப் பறக்கும் எஃகுக் கொக்கிகளை, அந்த டிராவலர்களை, கழற்றிப் பார்த்தேன். உரசிய பக்கமெல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. வளையத்தில் விரல் வைத்தால் சொரசொரப்பு.
ஒரு பிடி டிராவலரை மாஸ்டர் மேஜையில் கொட்டினேன்.
"நாலாம் நம்பரை என்கிட்ட விடுங்க சார். பத்து நாள்."
"உற்பத்தி குறைஞ்சா?"
"என் பேர்ல எழுதுங்க."
மாஸ்டர் உடனே நோட்டில் எழுதிக்கொண்டார்.

7-6, வியாழன்
நாலாம் நம்பர். புது வளையம், குறைந்த வேகம். கன்னியம்மாவை இதற்குக் கேட்டு வாங்கினேன். ஒரு மணி நேரம் ஓடியதும் டிராவலர் எல்லாம் மாற்றினேன். மதியம் மறுபடி. சாயங்காலம் மறுபடி. வளையத்தில் கறுப்புத் தூள், துடைத்தேன்.
ஸ்டோர் குமாஸ்தா: "டிராவலரத் துன்றியா யூசுபு?"
கன்னியம்மா: "பக்கத்து மிஷின் பொம்பளைங்க என் மிஷின நொண்டி மாடுன்றாளுங்க."

10-6, ஞாயிறு
பழவேற்காடு போனேன், வீட்டுக்கு. மீன் குழம்பு. கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே வாப்பா, "கடைய உட்டுட்டு மிஷினு தொடைக்கவா போன?" என்றார். ஒரு மூட்டையைத் தூக்கி அடுக்கினேன். மனசெல்லாம் நாலாம் நம்பரில்.

13-6, புதன்
வேகம் ஒரு படி கூட்டினேன். நீலம் இல்லை. தலைவலி.

16-6, சனி
முழு வேகம். இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றேன். டிராவலரின் உரசிய பக்கம் வெள்ளியாக மின்னுகிறது. வளையம் கண்ணாடி. இரண்டு எஃகும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகிவிட்டன. நான் பழக்கியது.
கன்னியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "எனக்கு வேலையே இல்லண்ணே."
மாஸ்டர் லென்ஸோடு வந்தார். ஆறு வளையம் பார்த்தார். லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பேஜாரு.

18-6, திங்கள்
லேசாகத் தூறல். மூன்றாம் நம்பர் வளையங்களைக் காப்பாற்ற முடியுமா, தெரியவில்லை.
அறிவிப்புப் பலகையில் மாஸ்டர் கையெழுத்து: "புது வளையம் மாட்டிய மிஷின்களை ஃபிட்டர் யூசுப் சொல்லும் வேகத்தில் மட்டுமே ஓட்டவும்."
தண்ணீர் குடிக்கும் சாக்கில் மூன்று முறை போய்ப் படித்தேன்.