மலையை வெட்டாம கட்டு

கவரைப்பேட்டை
வியாழக்கிழமை காலை

அன்புள்ள துர்காவுக்கு,

அம்மா எழுதறது. இங்க நானும் உங்க நைனாவும் வேளாவேளைக்குச் சாப்ட்டுக்கினு இருக்கோம், கோத்தகிரி குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் கொழந்தையும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு அங்காளம்மன வேண்டிக்கினே எழுதறேன். தூக்கம்தான் எனக்குச் சரியா இல்ல. போன்ல பேசாம இன்னாத்துக்கு கடுதாசின்னு நெனைப்ப. போன்ல நான் ஆரம்பிச்சாலே நான் பாத்துக்கறேம்மான்னு மடக்கிடற, பக்கத்துல நைனா வேற காதைத் தீட்டிக்கினு ஒக்காந்திருக்காரு. அவரு வெளிய போற நேரமா பாத்து எழுதறேன், சீக்கிரம் வரணும்னு ஸ்பீடு போஸ்ட்ல போடறேன்.

போன வார மழையில நீங்க வீடு கட்ட வெட்டி வெச்ச எடத்துல மண்ணு சரிஞ்சுதாமே. நீ மறைச்சுட்ட, மாப்பிள்ளைதான் வாய் தவறிச் சொல்லிட்டாரு, அவரைத் திட்டாத. வேலை செய்றவங்க ஒக்காந்து சாப்புடற கொட்டகை மேலயே விழுந்துச்சாம், எல்லாரும் டீ குடிக்க ரோட்டுக்குப் போயிருந்ததால பொழைச்சாங்களாம். அதக் கேட்டதுல இருந்து டிவியில நீலகிரியில மழைன்னு சொன்னாலே நான் போயி சாமி வெளக்க ஏத்திடறேன். கொழந்தைய அந்தப் பக்கமே தூக்கிக்கினு போகாதம்மா.

நீ மொதல்ல அனுப்பின பிளான் எனக்குப் புடிச்சுதான் இருந்துச்சு. அதப் போட்ட இன்ஜினியர் பொண்ணு ஸ்நேகா எவ்ளோ பொறுமையா எனக்கு வெளக்குச்சு. மேல ரோட்டோட சமமா வாசல், ஹாலு, சமையக்கட்டு, அதுக்குக் கீழ சரிவுலயே தூண் நிறுத்தி படுக்கற ரூமுங்க, மலையையும் வெட்ட வேணாம், மரமும் பெரும்பாலும் அப்படியே நிக்கும்னு. கெடுத்தது உங்க நைனாதான். இங்கயே பொறந்து சிப்காட் கம்பெனியிலயே ரிட்டையர் ஆன மனுசன், மேடுன்னா தண்டவாளம் போட்ட மேடுதான் அவருக்குத் தெரியும். பூமி பூஜைக்கு வந்தப்ப அந்தச் சரிவ எட்டிப் பாத்துட்டு, இன்னாம்மா இது, ஊட்டுக்குள்ள பூந்து படி எறங்கிப் படுக்க நாங்க இன்னா கெணத்துலயா குடித்தனம் பண்ணப் போறோம், எம்முட்டி தாங்காது, ஒரே மட்டமா கட்டினா வரேன், இல்லனா கவரைப்பேட்டையிலயே கெடக்கறேன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு. நீயும் அவரு வந்து கூட இருக்கணுங்கற ஆசையில பிளானையே மாத்திட்ட. மலையைக் கொடைஞ்சு தரையாக்கி, பின்னாடி பெரிய சுவரு எழுப்பறதுன்னு ஆச்சு. ஸ்நேகா வேணாம் வேணாம்னு சொல்லுச்சு, நீதான் கேக்கல.

மண்ணு சரிஞ்சத அவருகிட்ட சொல்லாம இருக்க என்னால முடியல. சாப்ட்டுக்கினு இருந்தவரு கைய தட்டுலயே வெச்சுக்கினு, யாருக்காவது அடிபட்டுச்சா, கொழந்தை அங்க இருந்துச்சான்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. அப்புறம் பாதிச் சோத்துலயே எழுந்து கை கழுவிட்டாரு. மறுநாள்ல இருந்து விடிஞ்சதும் சட்டைய மாட்டிக்கினு கெளம்பிடறாரு, எங்கன்னு கேட்டா சும்மா நடக்கன்னுடறாரு. பக்கத்து வீட்டு துளசிராமன் தெனம் ரயில்ல சென்னைக்கு வேலைக்குப் போறவரு இல்லையா, முந்தாநாள் என்ன நிறுத்தி, அண்ணன் எந்த ரயிலுக்கு வராரு, ஸ்டேஷன் பிரிட்ஜ்ல ஏறுறாரு, எறங்குறாரு, எந்த வண்டி வந்தாலும் போறதில்லையேன்னு கேட்டாரு. எனக்கு உசுரே போயிடுச்சு. மனசு சரியில்லாத மனுசன், ரயில் போற எடம், நெனைக்கக் கூடாததெல்லாம் நெனைச்சேன். நேத்து அவரு பின்னாடியே போனேன். கம்பியப் புடிச்சுக்கினு ஒவ்வொரு படியா ஏறுறாரு, மேல நின்னு மூச்சு வாங்குறாரு, முட்டியத் தேய்ச்சுட்டு மறுபடி எறங்குறாரு. எறங்கினவரு என்னப் பாத்துட்டாரு. இன்னா புவனா, ஏறறது பரவால்ல, எறங்கறதுதான் பேஜாரா கீது, பழகிட்டா அந்த மொத பிளான் ஊட்டுலயே இருந்துக்கலாம், பழகினப்புறம் நானே துர்காவுக்குச் சொல்றேன், நீ வாயத் தொறக்காதன்னாரு. சனங்க போய்க்கினு வந்துக்கினு இருக்கற எடத்துலயே எனக்கு அழுகை வந்துருச்சு.

சொல்லக் கூடாதுதான், ஆனா அவரு பழகற வரைக்கும் மழை காத்திருக்குமா. மீதி மரத்த வெட்ட அடுத்த வாரம் ஆளு வராங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு. நானே ஸ்நேகாவுக்குப் போன் போட்டேன், கோவிச்சுக்காத. இன்னும் கெட்டுப் போகல ஆன்ட்டி, வெட்டின எடத்த மண்ணு பாக்கறவங்கள வெச்சு சோதிச்சு பலப்படுத்திட்டு, வீட்ட தள்ளி தூண் மேலயே கட்டலாம், ஆனா அந்த மரத்தையும் எடுத்துட்டா மண்ணப் புடிக்க வேரே இருக்காதுன்னு சொல்லுச்சு. அதனால வெட்டற ஆளுங்கள நிறுத்திடு கண்ணு. படிய மட்டும் அகலமா, உயரம் கம்மியா வெக்கச் சொல்லு, ரெண்டு பக்கமும் கைப்பிடி, பாதியில ஒக்கார ஒரு எடம். பாத்ரூமுக்கு வழவழன்னு கல்லு போட்டுடாத. நைனாவுக்கு முட்டி வீங்கித்தான் இருக்கு, தைலம் தேய்ச்சு விடறேன், ரெண்டு நாள் படி ஏறாதன்னா கேக்க மாட்டேங்கறாரு, டாக்டருகிட்ட இழுத்துக்கினு போகணும்.

அம்மன் துணையில நீங்க மூணு பேரும் நல்லா இருக்கணும், கட்டற வீடு அசையாம நிக்கணும். கொழந்தைக்குக் காதை மூடி குல்லா போடு. இது கெடைச்சதும் எனக்கு மெசேஜ் மட்டும் போடு, போன் பண்ணாத. பிளான மாத்தச் சொல்லி நைனா ஒரு நாள் அவரே கூப்புடுவாரு. அப்ப மொத தடவையா கேக்கற மாதிரி கேட்டுக்கோ.

இப்படிக்கு,
உன் அம்மா
தே. புவனேஸ்வரி