விசில் அடித்தால் நிற்க வேண்டும்

அன்புள்ள குண்டூசி,

நீ அனுப்பிய இரண்டு கடிதங்களும் சேர்ந்தே வந்தன. இங்கே போன் எடுக்காது. சித்தப்பா மளிகை வாங்கக் கீழே சந்தைக்கு இறங்கினால்தான் தபாலும் மேலே ஏறும். நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். ஆனால் கடிதத்தில் இருப்பது உன் கோழிக் கிறுக்கல் இல்லை, பக்கத்து வீட்டு டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து. உன் கை எப்படி இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல். நான் எழுதும் கெட்ட வார்த்தைகளை அவர் விழுங்காமல் படித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல். இரவெல்லாம் இருமலை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொள்கிறாய் என்று ஓரத்தில் தனியாக எழுதியிருந்தார். வீட்டில் யாருக்குத் தூக்கம் கெட்டுவிடும் என்று அடக்குகிறாய்?

என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன். படுக்கிறேன். தூங்குகிறேனா என்று தெரியவில்லை. வந்த புதிதில் அறைக் கதவைச் சாத்தினாலே எழுந்து வெளியே போய் நின்றுகொள்வேன். சித்தப்பா ஒருநாள் கீலைக் கழற்றிக் கதவையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாற்றுப் பண்ணையில் நாலு கல்லின் மேல் அதைப் படுக்கப் போட்டார். இப்போது அந்தக் கதவின் மேல்தான் பைகளுக்கு மண் நிரப்புகிறோம். சித்திக்குத்தான் கோபம். "ஊர் உலகத்துல கதவு வெச்ச வீடு பாத்திருக்கேன், கதவு மேல கன்னு வெச்ச வீட்ட இப்பத்தான் பாக்கறேன்" என்கிறாள். ஆனால் அவள்தான் அதை நன்றாகக் கழுவித் துடைத்து வைக்கிறாள்.

சித்தப்பாவுக்கு வனத்துறையில் காவல் வேலை. சித்தி பண்ணையில் கூலி. நானும் அவளோடு மண் சலிக்கிறேன், விதை ஊன்றுகிறேன், களை பிடுங்குகிறேன். கம்பெனி செலவில் வந்து நம் எல்லாரையும் பார்த்தாளே ஒரு மனநல அம்மா, ஞாபகம் இருக்கிறதா? பச்சையைப் பாருங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், மனது ஆறிவிடும் என்றாளே. எதை இழுத்தோம் என்று அவளுக்குத் தெரியுமா? பார்க்கத்தான் செய்கிறேன் பச்சையை. கண்ணுக்குள் போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. ஓடையில் காலை வைத்தால் இது தண்ணீர் என்று தெரிகிறது. அவ்வளவுதான். சில்லென்று இருக்கிறதா என்று சித்தி கேட்டால் ஆமாம் என்று சொல்லிவைக்கிறேன்.

காடு என்றதும் நீ என்னவோ நினைத்துக்கொள்ளாதே. பாதி மலையில் மரங்களும் லைனில்தான் நிற்கின்றன. ஒரே வயது, ஒரே உயரம், வரிசை பிசகாது. டார்கெட் வந்தால் அறுத்து லாரியில் ஏற்றுகிறார்கள். முதலில் பார்த்தபோது நம் தையல் தளம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே யாரும் என்னை எண்ணுவதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். பண்ணைக்கு மேலே மரம் அறுப்பு நடக்கிறது. மரம் சாயப் போகிறதென்றால் அறுக்கிறவர் விசில் அடிப்பார், எல்லாரும் பக்கவாட்டில் ஓடிவிட வேண்டும். முதல் நாளே சொல்லித்தான் வைத்தார்கள். நானும் தலையை ஆட்டினேன். விசில் கேட்டது. கையிலிருந்த மண்வாரியைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டேன். முகத்தை நேராக வைத்துக்கொண்டேன். உனக்குப் புரியும். மரம் எனக்குச் சற்றுத் தள்ளி விழுந்தது. கிளை நுனி முதுகில் அடித்துவிட்டுப் போனது. எனக்குப் பயம் கூட வரவில்லை, குண்டூசி. எண்ணி முடிக்கட்டும், உட்காரலாம் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அறுக்கிறவர் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "காது அவிஞ்சு போச்சா உனக்கு? செத்துக் கித்துத் தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார். எங்கள் கம்பெனியில் விசில் அடித்தால் நிற்க வேண்டும் என்றேன். அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி என் முதுகில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து விசில் கிடையாது, தொண்டை கிழிய "ஓடுங்க" என்று கத்துகிறார்கள். ஒரு காட்டின் வழக்கத்தையே மாற்றிவிட்டேன், பார்த்தாயா.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். தீ விபத்து விசாரணைக்கு நான் வரவில்லை. லைன் மாஸ்டர் என்ன சொல்லியிருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய்: தீயைப் பார்த்ததும் விசில் அடித்தேன், கதவும் திறந்துதான் இருந்தது, பெண்கள்தான் நகராமல் நின்றார்கள். அதில் எது பொய், சொல். அவன் அடித்தான். நாங்கள் நின்றோம். நீ அப்போது கழிவறையில் இருந்தாய், பார்க்கவில்லை. உள்ளே இருந்து பார்த்தவர்களில் மற்ற எல்லாரும் இன்னும் அதே முதலாளியின் இன்னொரு கட்டடத்தில் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள். நான் திறந்தாலும் நின்றோம் என்றுதான் சொல்ல முடியும். அது அவனுக்குத்தான் சாட்சி. தவிரவும் விசாரணை நடக்கும் அறை மாடியில் இருக்கிறது, ஏசி, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பொடிசுவின் அம்மா என்னைக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். கடைசியில் என் மகள் பக்கத்திலேயே நின்ற பெண் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று. அவரிடம் நான் இங்கே இல்லை என்று சொல்லிவிடு.

உன் கையை நனைக்காதே.

உன்
நெட்டை


அன்புள்ள குண்டூசிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போட்டிருந்தால்தான் ஆச்சரியம். டீச்சர் மட்டும் நாலு வரி எழுதியிருந்தார். விசாரணையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்றும், அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய் என்றும். அவர் நன்றாக இருக்கட்டும்.

மழைக்காலம் வந்து போய்விட்டது. நான் ஊன்றிய விதைகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. நான் பேசினதால் வளர்ந்தன என்றெல்லாம் கதை விட மாட்டேன். தண்ணீர் ஊற்றினேன், வளர்ந்தன. நான் அழுதால் வாடவில்லை, அழாவிட்டாலும் வாடவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஊரில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரம் அறுப்பு ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ரம்பச் சத்தத்தில் கத்தினால் கேட்காது, மறுபடியும் விசில்தான் அடிக்க வேண்டும் என்று அறுக்கிறவர் வந்து சொன்னார். சித்தி சண்டைக்குப் போனாள். நான்தான், அடிக்கட்டும் என்றேன்.

அடித்தார்கள். நின்றேன். சித்தி இழுத்துக்கொண்டு ஓடினாள். மறுநாளும் நின்றேன், மறுபடியும் இழுத்தாள். "செலையா நட்டு வெச்சிருக்கோம், தண்ணி ஊத்த?" என்று ஒவ்வொரு முறையும் திட்டுவாள். மூச்சு வாங்கிக்கொண்டே திட்டுவாள், பருத்த உடம்பு. மரம் சாயாத நேரத்திலும் அவரிடம் விசிலை வாங்கிச் சும்மா ஊதிப் பார்த்தாள். சாப்பிடும்போது ஊதினாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்று அவளும் திட்டவில்லை.

போன வாரம் ஓடையை ஒட்டிக் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். விசில் கேட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கன்றுப் பை. இன்னொரு கையில் சித்தியின் மணிக்கட்டு. மரம் விழுகிற சத்தம் பிறகுதான் கேட்டது. சித்தி கையை உதறிக்கொண்டு, "கழட்டி எடுத்துட்டியேடி என் கைய" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

எனக்குச் சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. ஓடையில் இறங்கி நின்றேன். தண்ணீர் அப்படிக் குளிர்ந்தது. எலும்புக்குள் போகிற குளிர். கத்திவிட்டேன். இத்தனை மாதமாக இவ்வளவு குளிர்ந்த தண்ணீரிலா நின்றுகொண்டிருந்தேன்?

அங்கே நின்றபோதுதான் அது தோன்றியது. ஓடுவதற்கு எனக்கு இவ்வளவு நாள் பழக்கம் வேண்டியிருந்தது. அப்படியென்றால் நிற்கவும் பழக்கியிருக்கிறார்கள். பிறக்கும்போதே யாரும் விசில் கேட்டால் விறைத்து நிற்பதில்லை. வேலை முடியும் முன் துணித் துண்டு திருடுகிறோமா என்று பார்க்க விசில். கழிவறையில் யார் அதிக நேரம் இருக்கிறார்கள் என்று தலையை எண்ணிப் பார்க்க விசில். நகர்ந்தால் அரை நாள் கூலி போச்சு. மூக்கைச் சொறிந்ததற்கு உன்னை வெயிலில் நிற்க வைத்தானே. வருடக்கணக்கில், நாளுக்கு எத்தனை தடவை? பிறகு ஒருநாள் அதே விசிலைத் தீக்கு அடித்தானாம், நாங்கள் ஓடவில்லையாம். அவன் சொன்னதில் பொய் இல்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

உன்னிடம் கூடச் சொல்லாத ஒன்று. பொடிசு எண்ணிக்கைக்கு நிற்கும்போது உதட்டை அசைக்காமல் என்னிடம் பேசுவாள். "அக்கா, மூக்கு அரிக்குது, சொறியட்டா?" என்று சிரிப்பு மூட்டுவாள். வேலைக்குப் புதுசு, சட்டத்துக்குப் பயந்தவள். அன்றைக்கும் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றாள். புகை கூரையிலிருந்து எங்கள் தலை வரை இறங்கியிருந்தது. உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"அக்கா, இருமலாமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ எங்கிருந்தோ ஓடிவந்து என் சடையைப் பிடித்து இழுத்துவிட்டாய். அவளுக்காக நீ மறுபடி உள்ளே போனது எனக்குத் தெரியும். உன் கை அப்படித்தான் ஆயிற்று என்பதும் தெரியும்.

வருகிறேன். தள்ளி வைத்த தேதியை டீச்சரிடம் சொல்லி எழுதச் சொல். பொடிசுவின் அம்மாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம், நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன். விசாரணை அறைக் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வை. ஏசி வீணாகிறது என்று யாராவது முனகினால் முனகட்டும். விசாரணை அதிகாரி வரும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்பார்கள். நான் உட்கார்ந்தே இருப்பேன். ஏன் என்று கேட்டால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கதவைத் திரும்ப மாட்டட்டுமா என்று சித்தப்பா நேற்றுக் கேட்டார். கன்றெல்லாம் எங்கே வைப்பது என்றேன். சித்தி சிரித்தாள். இங்கேதான் திரும்பி வருவேன்.

உன் கை ஆறட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும். இருமல் வந்தால் இருமு. வீடே எழுந்துகொண்டாலும் பரவாயில்லை. யாரிடமும் கேட்காதே.

உன்
நெட்டை