பென் டிரைவ் மேல் விழுந்த பழி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோயில்லை.

அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது சிஸ்டம் ஏற்றினார்கள். மறுநாள் என் கம்ப்யூட்டர் மட்டும் கிளம்பவில்லை. திரை கறுப்பாகவே நின்றது. சரிசெய்ய வந்தவர் பின்பக்கம் கைவிட்டு என் பென் டிரைவை உருவினார். உடனே ஓடியது.

"புது சிஸ்டம் கிளம்புறதுக்கு வேண்டியதை முதல்ல இதுலதான் போய்த் தேடுது. இது ஏன் இங்க இருக்கு?" என்றார்.

நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறது. பழைய சிஸ்டம் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. நேற்று வந்தது அடம்பிடித்தால் குற்றவாளி நானா? மேலாளர் பென் டிரைவைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்.

அதில் இருந்தது, நீங்கள் தம்பியைத் திட்டி எழுப்பும் பதிவு. மதியச் சாப்பாட்டின்போது கேட்பேன்.

இன்னொன்று பதிவுசெய்து போனுக்கு அனுப்புங்கள். அலுவலகப் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தடவை என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள்.

அவசரத்தில்,
மூத்தவள்