மெத்தை அலமாரிக்குப் பின்னால் இருந்த பாய்லர்

நமங்கான்

என் பிள்ளைகளின் தந்தைக்கு ஸலாம்.

நேற்று வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லரை இடம் மாற்றியபோது வீட்டில் இருந்தவர்கள் நான், உங்கள் அம்மா, எரிவாயு மிஸ்திரி நெமத்ஜான், மூன்று பேர்தான்.

மெத்தை அலமாரிக்குப் பின்னால் நெமத்ஜான் கையே நுழையவில்லை. “ஏன் அக்கா ஒளிச்சு வெச்சீங்க? இது பாய்லரா, புதுப்பொண்ணா?”

“விருந்தாளிங்க கண்ணுல படக்கூடாதாம். எல்லாம் மருமக ஏற்பாடு” என்றார் உங்கள் அம்மா.

ஒருவழியாகப் பாய்லரை வெளியே நகர்த்தினார். புகைக்குழாய் வளைவில் இணைப்பு விட்டுப்போயிருந்தது. சுவர் முழுக்கக் கரி.

“அக்கா, இந்தப் புகைக்கு வாசனை கிடையாது. தூக்கத்துலயே கொன்னுடும். நீங்கல்லாம் எப்படி உயிரோட இருக்கீங்க?” சுற்றிப் பார்த்தவர், ஜன்னல் இடுக்கில் கையை வைத்தார். “இந்தக் காத்துதான் காப்பாத்தியிருக்கு.”

என் குறிப்பேட்டைப் புரட்டினேன். போன ஜனவரியில் குளிருக்காக அந்த இடுக்கில் நான் பஞ்சு அடைத்த நான்கு நாளும் பிள்ளைகளுக்குத் தலைவலி, வாந்தி. ஐந்தாம் நாள் மூச்சு முட்டுகிறதென்று நீங்கள் பஞ்சைப் பிடுங்கி எறிந்தீர்கள். அதற்கு நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பது குறிப்பேட்டில் இல்லை. மறுவாரம் நீங்கள் வேலைக்காக ரஷ்யாவுக்கு ரயில் ஏறியது இருக்கிறது.

உங்கள் கையை அந்தப் பஞ்சுக்குக் கொண்டுபோன இறைவனை நினைத்து, நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். “எழுந்திரும்மா” என்று உங்கள் அம்மாதான் தூக்கினார்.

பாய்லர் இப்போது வாசலோரம், வருகிறவர் எல்லோரும் பார்க்க நிற்கிறது. குழாய் நேராக வெளியே போகிறது.

எப்போது வருகிறீர்கள்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்