சுடாத முகம்

வெள்ளவத்தை,
3 ஜூன் 2024

அன்பு மருமகள் தாரிகாவுக்கு,

எவரும் நம்பமாட்டாத ஒரு கதையை இத்தால் பிரகடனம் செய்கிறேன். நீயும் நம்பாதே. போனில் சொல்லியிருப்பேன், அது கடலில் விழுந்து, இப்போது ஒரு திருக்கை மீன் அதில் கதைத்துக்கொண்டிருக்கிறது.

மண் தூசி நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது, இனிக் களிமண்ணைத் தொடவே கூடாது என்று டொக்டர் சொன்னார் அல்லவா? அன்றைக்கே சட்டி பானை வனைவதைத் துறந்து ஓவியச் சக்கரவர்த்தியானேன். என் கடல் படத்தைப் பார்க்கக் காலி வீதி பஸ்கள் ஓரமாக நின்றன. நான் வரைந்த மீனைக் கொத்தி இரண்டு காகங்கள் சொண்டை உடைத்துக்கொண்டன. வாங்கத்தான் ஆளில்லை.

இப்போது என் தங்கச்சியை, உன் அம்மா சரோஜினியை, வரைகிறேன். அவளுடைய ஆண்டுத் திவசத்துக்கு நீ மாலை போடுவது என் படத்துக்குத்தான். இதுவும் சரிவராவிட்டால், பிள்ளை, நான் ஒன்றுக்கும் உதவாதவன்.

உன் மாமா,
சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை,
19 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

படம் ஓட்டோவில் பத்திரமாக வந்தது. பிரித்ததும் அப்பா எழும்பி அறைக்குள் போய்விட்டார். "உன்ர மாமா ஏன் செத்த முகத்தைக் கீறி அனுப்பியிருக்கிறார்?" என்று மட்டும் கேட்டார்.

கண், மூக்கு எல்லாம் அம்மாதான். அந்த அரைச் சிரிப்புக்கூட. ஆனால் முகம் ஏன் மாமா முழுக்கச் சாம்பல்? அம்மா அப்படியோ இருந்தவ? பகிடி விட உங்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா?

திவசத்துக்குப் போட்டோதான் வைக்கப்போகிறோம். படத்தை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தை ஒழுங்காகப் போடுங்கள்.

தாரிகா


வெள்ளவத்தை,
2 ஜூலை 2024

அன்பு மருமகளுக்கு,

நான் வந்தபோது நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் அப்பா படத்தை வாசல் கேற்றடியிலேயே தந்தார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை.

பகிடி இல்லை, பிள்ளை. சுடாத பச்சை மண் சாம்பல் நிறம். சூளையில் வெந்தால்தான் சிவந்து வரும். ஆயுள் முழுவதும் சாம்பலைப் பார்த்துச் சிவப்பை நினைத்தவன் நான். உன் அம்மாவின் கன்னத்தில் சாம்பலைப் பூசும்போது என் கண்ணுக்கு அவள் அவள் நிறத்திலேயே தெரிந்தாள். உன் கடிதம் கண்டு திரும்பவும் வரைந்து பார்த்தேன். கை மறுபடியும் அதையேதான் குழைத்தது. மண்ணும் போய், நிறமும் போனால் நான் எங்கே போக?

ஹெந்தளைக்குப் போனேன். அங்குள்ள என் பழைய சூளை இப்போது அதை வாங்கிய ஒஸ்வால்ட்டிடம் இருக்கிறது. "உனக்கென்ன விசரோ? துணியையும் பெயின்ற்றையும் ஆராவது சூளைக்குள்ள வைப்பானோ?" என்று கத்தினான். படத்தை வைத்துவிட்டேன். சுவாலை எழும்பி, கட்டுநாயக்காவில் இறங்க வந்த பிளேனின் வாலைச் சுட்டது. ஏழு மாவட்டத் தீயணைப்பு வண்டிகள் வந்தன. சூளைக்குள்ளிருந்து உன் அம்மா சிவந்த முகத்தோடு இறங்கி, "அண்ணை, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

ஒன்றையும் நம்பாதே. பிளேனும் இல்லை, வண்டியும் இல்லை, அவளும் இல்லை. போட்டோவுக்கே மாலை போடு.

சூளை ஆறும்வரை வாசலிலேயே குந்தியிருந்தேன். கதவைத் திறக்கும்போது முகம் சிவந்து வந்திருக்கும் என்று நினைத்தேன். இந்தக் கதையில் அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை.

மாமா